டெஸ்ட் ரிப்போர்ட்டில் போல்டு எழுத்தை மட்டும் பார்க்காதீர்கள்

"பழைய ரிப்போர்ட் ஏதாவது இருக்கா?" என்று கேட்டால், "எல்லாம் அந்த ஆஸ்பத்திரியிலேயே இருக்குங்க டாக்டர்" என்கிறார்கள் பாதிப் பேர். சரி, ஒரு நகல் உங்கள் கையிலும் இருக்க வேண்டாமா? நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைக் கொடுக்க வேண்டும் என்று மருத்துவ கவுன்சிலின் 2002 விதிகளிலேயே இருக்கிறது, கேட்பவர்கள்தான் குறைவு.

அமெரிக்காவில் 2021 ஏப்ரல் முதல் டாக்டர் எழுதும் குறிப்பைக்கூட தாமதிக்காமல் நோயாளிக்குத் திறந்துவிட வேண்டும் என்பது விதி. அங்கே 2020-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், தங்களைப் பற்றிய குறிப்பைப் படித்தவர்களில் ஐந்தில் ஒருவர் அதில் தவறு இருப்பதாகச் சொன்னார்கள், அவர்களிலும் 40 சதவீதத்துக்கு மேல் அது பெரிய தவறு என்றார்கள். (நம் ஊரில் முதலில் எங்கள் கையெழுத்து புரிய வேண்டும், அது வேறு கதை.)

இங்கே இப்போது டாக்டருக்கு முன்னாலேயே வாட்ஸ்அப்பில் நோயாளிக்கு ரிப்போர்ட் போய்விடுகிறது. நல்லதுதான். ஆனால் எதையாவது போல்டில் போட்டு பக்கத்தில் 'எச்' (அதிகம், 'ஹை' என்பதன் சுருக்கம்) என்று இருந்தால் ராத்திரி தூக்கம் போச்சு. நார்மல் ரேஞ்ச் என்பதே பொதுவாக ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் அடங்கும்படி போட்ட கோடு, அதனால் எந்த நோயும் இல்லாத ஒருவருக்கு ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 டெஸ்ட் எடுத்தால் ஏதாவது ஒன்றாவது கோட்டைத் தாண்டுவதற்கே கணக்குப்படி வாய்ப்பு அதிகம்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். சர்க்கரைக்காக என்னிடம் வரும் ஒருவருடைய மகள், அப்பாவின் ரிப்போர்ட்டுகளை வருசவாரியாக ஃபைலில் போட்டு வைத்திருந்தார். "டாக்டர், கிரியாட்டினின் நார்மல்னுதான் போட்டிருக்கு, ஆனா ஏறிக்கிட்டே வருதே?" என்று கேட்டார். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு அது: 0.8, 1.0, 1.2. ஒன்றிலும் போல்டு இல்லை, லேபின் எல்லை 1.3. தனித்தனியாகப் பார்த்தால் யாருமே கண்டுகொள்ள மாட்டோம். அப்புறம் துருவிக் கேட்டதில், முழங்கால் வலிக்கு மெடிக்கலில் தானாகவே வலி மாத்திரை வாங்கி மாசக்கணக்காகப் போட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. சர்க்கரை இருப்பவருக்கு அது கிட்னிக்கு இரட்டை அடி. அதை நிறுத்தச் சொல்லிவிட்டு, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் போகிறதா என்று பார்க்கும் டெஸ்டும் எழுதிக் கொடுத்தேன்.

அதனால், ரிப்போர்ட் வந்தால் கூகுளுக்கு ஓடாமல் போன வருசத்து ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், மாறியிருப்பது எது என்று மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் பெயரையும், டாக்டர் எழுதாமல் நீங்களாக வாங்கியது உட்பட, அதே ஃபைலில் எழுதி வையுங்கள். அரசின் டிஜிட்டல் மருத்துவக் கணக்கான 14 இலக்க 'ஆபா' எண் எடுத்துப் பதிவுகளை இணைத்தால், உங்கள் சம்மதத்தோடு வேறு டாக்டரும் பார்க்கலாம். எல்லா லேபும் இன்னும் அதில் சேரவில்லை, அதனால் இப்போதைக்குக் காகித ஃபைலைத் தூக்கிப் போடாதீர்கள்.