குண்டுவெடிப்பில் பாதிக்கப்பட்டவருக்கு மத்திய அரசின் 5 லட்சம்: தானாக வராது, கேட்டு வாங்க வேண்டும்

ஒரு தாக்குதல் நடந்தால் டிவியில் பத்து நாள் ஓடும். அமைச்சர்கள் வருவார்கள், மாலை போடுவார்கள், நிவாரணம் அறிவிப்பார்கள். அடுத்த மாதம் வேறு செய்தி வந்துவிடும். ஊர் மறந்ததும் அலுவலகமும் மறந்துவிடுகிறது. அதற்குப் பிறகு பையைத் தூக்கிக்கொண்டு அலைவது பறிகொடுத்த வீட்டுக்காரர்கள் மட்டும்தான். தொண்டி, கீழக்கரை, மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் என்று நம் கடற்கரையில் எந்த ஊரை எடுத்தாலும் சென்னை, கோவை, மும்பை என்று வெளியூரில் பிழைக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால் இதை யாருக்கோ உள்ள திட்டம் என்று தள்ளிவிடாதீர்கள்.

2008 மும்பைத் தாக்குதலில் 166 பேர் இறந்தது பலருக்கு நினைவிருக்கலாம். அதில் முதலில் பலியானவர்கள் மீனவர்கள் என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? குஜராத்திலிருந்து போன 'குபேர்' என்ற மீன்பிடிப் படகைக் கடலில் மறித்து, அதிலிருந்த 5 பேரையும் கொன்றுவிட்டுத்தான் பயங்கரவாதிகள் மும்பைக்கு வந்தார்கள். படகை ஓட்டியவரின் உடல் படகிலேயே கிடந்தது. மற்ற 4 பேரின் உடல் கிடைக்கவில்லை. அவர்கள் இறந்துவிட்டார்கள் என்று காகிதத்தில் ஏற்றுவதற்கே அந்தக் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் அலைந்தன.

திட்டம் இதுதான். பயங்கரவாதம், வகுப்புக் கலவரம், நக்சல் வன்முறை ஆகியவற்றில் இறந்த பொதுமக்களின் குடும்பத்துக்கும், நிரந்தரமாக ஊனமடைந்தவர்களுக்கும் மத்திய உள்துறை தருகிற உதவித்தொகை. 1.4.2008 முதல் நடைமுறையில் இருக்கிறது. முதலில் 3 லட்சமாக இருந்தது, 24.8.2016 முதல் 5 லட்சம். 1998 கோவை குண்டுவெடிப்பு போன்ற பழைய சம்பவங்கள் இதில் வராது. இலங்கைக் கடற்படையால் நம் மீனவர்கள் படும் பாடு தனி விஷயம், அதை இங்கே கலக்கவில்லை.

மனு கொடுக்கப் போனால் ஆட்சியர் அலுவலகக் கவுன்ட்டரில் முதலில் கேட்கும் பதில், "அதான் முதல்வர் நிவாரணம் வாங்கிட்டீங்களேம்மா, அப்புறம் என்ன?" என்பது. இதைக் கேட்டுத் திரும்பி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது தவறான பதில். மாநில அரசு கருணைத்தொகை கொடுத்திருந்தாலும், வேறு யார் உதவியிருந்தாலும் இந்த 5 லட்சத்துக்குத் தடை இல்லை. இதே மாதிரி உதவியை மத்திய அரசே வேறொரு திட்டத்தில் கொடுத்திருந்தால்தான் தடை. இன்னொரு தடையும் இருக்கிறது: இறந்தவர் குடும்பத்தில் ஒருவருக்கு அரசு வேலை கொடுத்துவிட்டால் இந்தத் தொகை கிடையாது. அதனால் "வேலை போட்டுத் தர்றோம்" என்று வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பி மனுவை நிறுத்தி வைக்காதீர்கள். ஆணை கையில் வரும்வரை மனு ஓடட்டும்.

காயம்பட்டவர்கள் கவிழ்கிற இடம் ஊனத்தின் சதவீதம். மாற்றுத்திறனாளி அட்டை 40 சதவீதத்திலேயே கிடைத்துவிடும். இந்தத் திட்டத்துக்கு 50 சதவீதம் வேண்டும். 45 என்று எழுதிய சான்றிதழோடு போனால் கதவு சாத்திவிடும். குண்டுவெடிப்பில் காது போவது சாதாரணம். கை கால் காயத்துக்குக் கட்டுப்போடும் அவசரத்தில் காதை யாரும் பார்ப்பதில்லை, சான்றிதழிலும் ஏறுவதில்லை. மருத்துவக் குழுவுக்குப் போகும்முன் அரசு மருத்துவமனையில் செவித்திறன் பரிசோதனை செய்து, அந்த ரிப்போர்ட்டையும் சேர்த்துக் கொடுங்கள்.

அடுத்தது காகிதம். வடக்கே ஒரு ஊரில் ஹோட்டல் வேலைக்குப் போய் அடிபட்டுத் திரும்பிய பையனின் அம்மா ஒருவர், மஞ்சப் பையிலிருந்து லேமினேட் செய்த பேப்பர் கட்டிங்கை எடுத்துக் காட்டினார். பையன் பெயருக்குக் கீழே சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருந்தார். மருத்துவமனைச் சீட்டு ஒன்றுகூட இல்லை. ஊருக்கு வந்த அவசரத்தில் அங்கேயே விட்டுவிட்டார்கள். "இது ஆதாரம் ஆகாதும்மா" என்பதோடு அன்றைய பேச்சு முடிந்தது. எங்கே போய், யாரிடம், என்ன வாங்கிவர வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும்.

வாங்க வேண்டியது ஏ.ஆர். காப்பியும் (மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகல்) காயச் சான்றிதழும். இறந்திருந்தால் பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ். கூடவே எஃப்.ஐ.ஆர். நகல். "எஃப்.ஐ.ஆர். நெட்டுல இருக்கும், எடுத்துக்குங்க" என்பார்கள். பயங்கரவாத வழக்கின் எஃப்.ஐ.ஆரை இணையத்தில் ஏற்ற வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றமே 2016-ல் விலக்கு கொடுத்திருக்கிறது. நெட் சென்டரில் உட்கார்ந்து தேடிப் பயனில்லை, காவல் நிலையத்தில்தான் கேட்க வேண்டும். ஒரே எஃப்.ஐ.ஆரில் எல்லாருடைய பெயரும் இருக்காது. பெயர் விட்டுப்போயிருந்தால் ஏ.ஆர். காப்பிதான் உங்களைக் காப்பாற்றும், அதை எக்காரணத்துக்காகவும் தொலைக்காதீர்கள்.

பெயரைச் சரிபாருங்கள். ரேஷன் கார்டில் அந்தோணி, ஆதாரில் ஆண்டனி, மருத்துவமனையில் அப்பா பெயரையே பையன் பெயராக எழுதியிருப்பார்கள். நம் பக்கத்தில் இது வீட்டுக்கு வீடு உண்டு. வாரிசு சான்றிதழுக்கு இ-சேவையில் பதியும்முன் எல்லாக் காகிதத்தையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். தாசில்தார் கையெழுத்தான பிறகு திருத்துவது பெரிய பாடு. இறந்தவரின் செல்போன் சிம்மையும் உடனே முடக்காதீர்கள். டிக்கெட் எஸ்.எம்.எஸ்., வங்கி ஓ.டி.பி. எல்லாம் அதில்தான் வரும்.

சம்பவம் ஒரு மாவட்டம், வீடு ஒரு மாவட்டம் என்றால் இரண்டு ஆட்சியர் அலுவலகமும் உங்களைப் பந்தாடும். ஒரே மனுவை இரண்டு ஆட்சியருக்கும் ஒரே நாளில் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்தில் கொடுப்பதானால் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்து, மனு எண் உள்ள சீட்டு வாங்காமல் நகராதீர்கள்.

"கேஸ் முடியட்டும்" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். இந்த வழக்குகள் இருபது வருடம்கூட ஓடும். குற்றவாளி யாரென்றே தெரியாவிட்டாலும் பாதிக்கப்பட்டவர் இந்த 5 லட்சம் அல்லாமல் தனியாக இழப்பீடு கேட்கலாம் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 396-வது பிரிவு சொல்கிறது. அதற்குப் போக வேண்டிய இடம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. மனு வந்த 2 மாதத்துக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. 50 சதவீதத்தில் தட்டிப்போனவர்கள் கட்டாயம் இந்த வழியில் போக வேண்டும்.

ரயிலிலோ ஸ்டேஷனிலோ நடந்த தாக்குதல் என்றால் ரயில்வே தீர்ப்பாயம் தனி. இறப்புக்கு 8 லட்சம். மனு போட ஒரு வருடம்தான் கெடு, இதில் அசந்துவிடாதீர்கள். டிக்கெட் கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் மனுவைத் தள்ள முடியாது. உறுதிமொழிப் பத்திரம் கொடுத்து வழக்கைத் தொடங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லிவிட்டது.

5 லட்சம் வந்தாலும் உடனே கையில் வராது. உங்கள் பெயரில் வங்கியில் 3 வருட வைப்பாகப் போடுவார்கள், வட்டிதான் சேமிப்புக் கணக்குக்கு வரும். இதைச் சொல்லாமல் "பணம் வந்துரும், அதுவரை நான் தர்றேன்" என்று வட்டிக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கடனை வாங்காதீர்கள். மனு எழுதித் தர கமிஷன் கேட்கும் ஆளும் வேண்டாம்.

ஒவ்வொரு மே 21 அன்றும் அரசு அலுவலகங்களில் பயங்கரவாத எதிர்ப்பு உறுதிமொழி எடுக்கிறார்கள். நம் கடலில் சாகர் கவச் என்ற கடலோரப் பாதுகாப்பு ஒத்திகை நடக்கிறது, போலீஸ்காரர்களே தீவிரவாதி வேடத்தில் படகில் வருகிறார்கள், பிடிக்கிறார்கள். நல்லதுதான், வேண்டியதுதான். ஆனால் தாக்குதலுக்கு மறுநாள் தாலுகா ஆபீசில் யார் மனு வாங்குவது, எந்த ஃபாரம், யார் மருத்துவமனைக்குப் போய்ப் பட்டியல் எடுப்பது என்பதற்கு ஒத்திகை பார்த்து நான் கண்டதில்லை. உறுதிமொழி எடுக்கும் அதே நாளில் மாவட்டத்தில் நிலுவையில் உள்ள மனுக்களை ஆட்சியர் எடுத்துப் பார்க்கட்டும். ஒரு அதிகாரியின் பெயரைப் பலகையில் எழுதி வைக்கட்டும். மக்கள் மறப்பார்கள், மறக்காமல் இருக்கத்தானே கோப்பு என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள்?

மனு கொடுத்து 2 மாதமாகியும் பதில் இல்லையென்றால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரே கேள்வி கேளுங்கள்: "என் மனு எண் இது, இன்று எந்த அலுவலரின் மேசையில் இருக்கிறது?" 30 நாளில் பதில் தர வேண்டும். வக்கீல் வேண்டுமென்றால் சட்ட உதவி எண் 15100-க்குப் போன் செய்யுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள்.