சூழல்தொகுதிப் பயன்: சொல்லும் பொருளும்

‘ஈகோசிஸ்டம் சர்வீசஸ்’ என்ற தொடர் மன்னார் வளைகுடா பற்றிய திட்ட அறிக்கைகளில் அடிக்கடி வருகிறது. தமிழில் ‘சூழல் மண்டலச் சேவைகள்’ என்று எழுதுகிறார்கள். பக்கத்திலேயே ‘வேல்யுவேஷன்’ வரும். அதை ‘மதிப்பு நிர்ணயம்’ என்றும், சில இடங்களில் ‘விலை நிர்ணயம்’ என்றும் பெயர்க்கிறார்கள். பாம்பனிலோ தொண்டியிலோ மீனவர் கூட்டத்தில் இதை அப்படியே வாசித்தால், “கடலுக்கு விலை போட்டு யாருக்கு விக்கப் போறீங்க?” என்றுதான் முதல் கேள்வி வரும். நியாயமான கேள்வி. சொல்லைச் சரியாக வைத்திருந்தால் அந்தப் பயத்துக்கு இடமிருக்காது. அதைவிடத் தேவையான வேறொரு கேள்வி எழுந்திருக்கும்.

முதலில் பொருள். ஓர் இடத்தின் உயிர்களும், அங்குள்ள மண், நீர், காற்று, வெயிலும் ஒன்றோடொன்று பிணைந்து இயங்குவதால் மனிதருக்குக் கிடைக்கும் நன்மை எல்லாம் இந்தத் தொடரில் அடங்கும். ராமநாதபுரம் கடற்கரையில் இதற்கு எடுத்துக்காட்டு தேடி அலைய வேண்டியதில்லை. நண்டும் கணவாயும் கிடைப்பது ஒரு பயன். மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை வரிசையாகக் கிடக்கும் தீவுகளைச் சுற்றியுள்ள பவளப் பார்கள் (பவளப்பாறைகள்) அலையின் வேகத்தைக் கரைக்கு வருமுன் உடைப்பது இன்னொரு பயன். காரங்காட்டில் அலையாத்தியும் கண்டலும் சேற்றைப் பிடித்து நிறுத்துகின்றன. அந்த வேர்களுக்கு நடுவே இறால் குஞ்சு வளர்கிறது. பாக் விரிகுடாவின் கடற்புல் வெளியில் ஆவுளியா (கடற்பசு) மேய்கிறது; அதே புல் கரியை (கார்பனை)ப் பிடித்து அடிமண்ணில் புதைத்தும் வைக்கிறது. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போட வருகிறவர்களுக்கு அந்தக் கடல் தருவதும் பயன்தான்.

2005இல் வெளியான ‘மில்லினியம்’ சூழல் மதிப்பீடு இவற்றை நான்காகப் பிரித்தது: பொருளாகக் கிடைப்பவை, காத்து ஒழுங்குபடுத்துபவை, பண்பாட்டுப் பயன்கள், இந்த மூன்றுக்கும் அடியில் நிற்கும் ஆதாரப் பயன்கள். ஆதாரப் பயனைக் கூட்டுக்கணக்கில் தனியாகச் சேர்க்கக் கூடாது. கடற்புல் இறால் குஞ்சை வளர்த்ததற்கு ஒரு தொகை, வளர்ந்த இறாலைப் பிடித்து விற்றதற்கு இன்னொரு தொகை என்று போட்டால், நெல்லின் விலையையும் அதே நெல்லைக் குத்திய அரிசியின் விலையையும் கூட்டியது போலாகும். பெரிய தொகையைக் காட்ட வேண்டும் என்ற ஆசையில் பலர் சறுக்கும் இடம் இது.

சொல்லின் பிறப்புக்கு வருவோம். ‘ஈகோ’ என்பது கிரேக்கத்தில் வீட்டைக் குறிக்கும் ‘ஓய்கோஸ்’. 1866இல் ஜெர்மானிய உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹேக்கல் அதிலிருந்து ‘ஈகாலஜி’ (சூழலியல்) என்ற சொல்லைப் படைத்தார். 1935இல் ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஆர்தர் டான்ஸ்லி ‘ஈகோசிஸ்டம்’ என்ற சொல்லை அச்சில் கொண்டுவந்தார். அவர் அழுத்திச் சொன்னது ‘சிஸ்டம்’ என்ற பகுதியை: உயிருள்ளதையும் இல்லாததையும் பிரிக்காமல் ஒரே தொகுப்பாகப் பார்க்க வேண்டும் என்பதே அவர் கருத்து. ‘சர்வீசஸ்’ வந்து ஒட்டிக்கொண்டது 1981இல், பால் எர்லிக், ஆன் எர்லிக் தம்பதியின் எழுத்தில். 1997இல் ராபர்ட் கோஸ்டான்சாவும் உடன் ஆய்வாளர்களும் உலகம் முழுவதற்கும் கணக்குப் போட்டு ஆண்டுக்குச் சுமார் 33 லட்சம் கோடி டாலர் என்று வெளியிட்டார்கள். அப்போது உலக நாடுகளின் மொத்த உற்பத்தியே ஏறத்தாழ 18 லட்சம் கோடி டாலர். அந்த எண்தான் இந்தத் தொடரைப் பத்திரிகைகளுக்கும் அமைச்சகங்களுக்கும் கொண்டுபோனது. ஆனால் உலகத்துக்கே ஒரு தொகை போட்டால் அதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. இயற்கை இல்லாத உலகம் ஒன்றை யாரும் நமக்கு விற்க வரவில்லை. ஒரு குறிப்பிட்ட இடத்தில், ஒரு குறிப்பிட்ட மாற்றத்தால், எது எவ்வளவு கூடும், எது எவ்வளவு குறையும் என்று கேட்டால்தான் மதிப்பீடு வேலைக்கு ஆகும்.

தமிழுக்கு வருவோம். ‘ஈகோசிஸ்டம்’ என்பதற்குப் பழைய பாடநூல்களில் ‘சூழ்நிலை மண்டலம்’, பிறகு ‘சூழல் மண்டலம்’. இலங்கைத் தமிழில் ‘சூழற்றொகுதி’. எனக்கு இலங்கை வழக்கே பொருத்தமாகப் படுகிறது. மண்டலம் என்றால் நிலப்பரப்புதான் கண்முன் வரும்; தொகுதி என்றால் பல சேர்ந்து ஒன்றாக நிற்பது, டான்ஸ்லி சொன்னதும் அதைத்தான். நம் பக்கம் தொகுதி என்றதும் தேர்தல் நினைவு வரும் என்பது உண்மைதான். ‘சூழல்’ முன்னால் நிற்கும்போது அந்தக் குழப்பம் வராது. புணர்ச்சி கண்ணை உறுத்தினால் ‘சூழல்தொகுதி’ என்றே எழுதலாம்.

சிக்கல் ‘சேவை’யில் இருக்கிறது. ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன் ‘செர்வுஸ்’, அதாவது அடிமை. தமிழில் ‘தொண்டு’ என்ற சொல்லுக்கும் அடிமைத்தொழில் என்ற பழைய பொருள் உண்டு. இன்று ‘சேவை’ என்று கேட்டால் இரண்டில் ஒன்றைத்தான் நினைப்போம்: தொண்டு நிறுவனம் செய்வது, அல்லது வங்கியும் செல்போன் கம்பெனியும் கட்டணம் வாங்கிக்கொண்டு செய்வது. கடல் இந்த இரண்டில் எதையும் செய்யவில்லை. சிலர் ‘இயற்கையின் கொடை’ என்கிறார்கள். அழகான சொல்தான். ஆனால் கொடை என்று சொன்னவுடன் கொடுப்பவரைப் பாடிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். வாங்குபவர் யார், அவருக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று கேட்கத் தோன்றுவதில்லை.

‘பயன்’ என்று வைத்துப் பாருங்கள். பயத்தல் என்றால் விளைதல், தருதல். சங்கப் புலவர் மழையைப் ‘பயங்கெழு மாமழை’ என்றார். இயற்கை தருவதைச் சொல்ல இந்த வேர் அப்போதே புழக்கத்தில் இருந்தது. முக்கியமாக, பயன் என்று சொன்ன வாய் அடுத்து ‘யாருக்கு?’ என்று கேட்காமல் இருக்காது. ராமநாதபுரம் கடற்கரையில் எந்த முடிவையும் எடைபோட அந்த ‘யாருக்கு’தான் தேவை. ஆகவே ‘சூழல்தொகுதிப் பயன்கள்’ என்பதே என் பரிந்துரை. பேச்சில் ‘இயற்கைப் பயன்’ போதும்.

‘வேல்யுவேஷன்’ என்பதற்கு ‘மதிப்பீடு’ இருக்கிறது, அதுவே சரி. மதிப்பு + இடு, மதிப்பிடு, அதிலிருந்து மதிப்பீடு. மதித்தல் என்ற வினையில் அளவிடுவதும் மரியாதை கொடுப்பதும் சேர்ந்தே இருக்கின்றன. ‘விலை’ விற்பதோடு பிறந்த சொல். விற்கிற பொருளுக்குத்தான் விலை. கடற்புல்லை யாரும் விற்கவில்லை, அதற்கு விலை இல்லை, ஆனால் மதிப்பு உண்டு. இந்த வேறுபாட்டைத் தமிழ் இவ்வளவு தெளிவாக வைத்திருக்கும்போது ‘விலை நிர்ணயம்’ என்று எழுதுவது தேவையே இல்லாத பிழை.

விலையே இல்லாததை எப்படி மதிப்பிடுவது? தனுஷ்கோடியைப் பாருங்கள். இரண்டு பக்கமும் உப்புக் கடல், நடுவில் மணல். அந்த மணலில் கையாலேயே பள்ளம் பறித்தால் நல்ல தண்ணீர் சுரக்கும். குனிந்து கிண்ணத்தால் மெல்ல மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும், அவசரப்பட்டால் கலங்கிவிடும். மழைநீர் மணலில் இறங்கி, தன்னைவிடக் கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்பதால் வரும் ஊற்று அது. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை உப்புநீரைத் தள்ளி வைக்கும் என்பது நிலத்தடி நீரியலின் கணக்கு. மணல்மேட்டை அள்ளினாலோ, மோட்டார் வைத்து உறிஞ்சினாலோ அந்தச் சமநிலை குலைந்து உப்பு மேலேறும்.

இந்த ஊற்றுக்குச் சந்தை விலை கிடையாது. ஆனால் ஊற்று உப்பாகிப்போனால் அதே தண்ணீரை வேறு வழியில் கொண்டுவர என்ன செலவாகும் என்று கேட்கலாம். இந்த மாவட்டத்துக்கு அந்தச் செலவு நன்றாகவே தெரியும்: தள்ளுவண்டியில் அடுக்கிய குடங்கள், லாரித் தண்ணீர், காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம், நரிப்பையூரில் கடல்நீரைக் குடிநீராக்கக் கட்டிய நிலையம். இதற்கு ‘மாற்றுச் செலவு முறை’ என்று பெயர். அலையாத்திக் காட்டுக்கும் பவளப் பாருக்கும் ‘தவிர்த்த சேதம்’ என்ற முறை பொருந்தும். ஒடிசாவில் 1999 பெரும்புயலின் சாவுகளைக் கிராமம் கிராமமாக எடுத்துப் பார்த்த சௌதாமினி தாஸும் ஜெஃப்ரி வின்சென்டும், அகலமான அலையாத்திக் காடு முன்னால் இருந்த ஊர்களில் சாவு குறைவு என்று 2009இல் காட்டினார்கள். சுற்றுலாவுக்குப் ‘பயணச் செலவு முறை’ உண்டு: வருகிறவர் செலவழிக்கும் பணத்தையும் நேரத்தையும் வைத்து இடத்தின் மதிப்பைக் கணிப்பது. காரங்காட்டுப் படகுச் சவாரிக்கு அது சரி. ராமேசுவரத்துக்கு அதை நான் ஒப்பமாட்டேன். பிதுர்க்கடன் தீர்க்க வந்தவரின் ரயில் டிக்கெட் அந்தக் கடலின் மதிப்பாகாது. அதைத் தொகையாக்காமல், ‘இங்கே இப்படி ஒரு பயன் உண்டு’ என்று எழுத்தில் வைப்பதும் மதிப்பீடுதான்.

மதிப்பீட்டில் ‘தள்ளுபடி வீதம்’ என்றொரு சொல் வரும், அதைக் கவனமாகப் படிக்க வேண்டும். நாளை கிடைப்பதை இன்றைய மதிப்பில் குறைத்துக் காட்டும் விகிதம் அது. 10 சதவீதம் என்று வைத்தால், 30 ஆண்டு கழித்து வரும் 100 ரூபாய்ப் பயன் இன்றைய கணக்கில் 6 ரூபாய்கூட இல்லை. 3 சதவீதம் என்றால் 41 ரூபாய். திண்ணிய பவளம் ஆண்டுக்கு 1 சென்டிமீட்டர் அளவில்தான் வளரும். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளக்கல்லை வெட்டியே வந்த இந்த வளைகுடாவில் 21 தீவுகளில் இரண்டு நீருக்குள் போய்விட்டன. உயர்ந்த வீதத்தைப் போட்டால், வெட்டி விற்பதே லாபம் என்று காகிதம் சொல்லும்.

மதிப்பீடு முடிவையே மாற்றிய சம்பவம் நம் கடற்கரையிலேயே நடந்திருக்கிறது. கிராம சுயராஜ்ய இயக்கத்தின் எஸ். ஜெகந்நாதன் இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், நாக்பூரின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் வரவு செலவைக் கணித்தது. உப்பேறிய வயல், கெட்ட குடிநீர், அழிந்த காடு, கடலுக்குப் போகும் வழியை இழந்த மீனவர் எல்லாவற்றையும் செலவில் ஏற்றிப் பார்த்ததும், இறால் தரும் வருமானத்தைவிடச் சேதமே அதிகம் என்று வந்தது. 11.12.1996 அன்று உச்ச நீதிமன்றம், கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த நவீன இறால் பண்ணைகளை அகற்றச் சொன்னது. அப்புறம் 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கான ஆணையச் சட்டம் வந்து பதிவு பெற்று நடத்தும் வழியைத் திறந்தது. தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் இன்றும் குட்டைகள் இருக்கின்றன. மதிப்பீடு தரும் தீர்ப்பைச் சட்டம் திருப்பிவிடலாம். ஆனாலும், அதுவரை கணக்குக்கே வராதவர்களின் நட்டம் அன்று தீர்ப்பில் ஏறியது. மதிப்பீட்டை நான் ஆதரிப்பதற்கு இதுவே காரணம்.

‘யாருக்கு’ என்ற கேள்வி கூர்மையாக நிற்பது பாசி எடுக்கும் பெண்களிடம். சின்னப்பாலம் போன்ற ஊர்களிலிருந்து தீவோரப் பார்களுக்குப் போய், கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியைப் பறிக்கிறார்கள். காய்ந்த பாசி மதுரைக்குப் போய், உணவைக் கெட்டியாக்கப் பயன்படும் அகார் ஆகிறது. 1986இல் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாயின. பிறகு கெடுபிடி இறுகியது. பூங்காவின் பயன் உலகத்துக்கு, அதற்கான செலவு இவர்கள் வயிற்றுக்கு என்றானது. அந்தப் பெண்கள் தாங்களே கூடிப் பேசி, பாரைச் சுரண்டும் இரும்புக் கருவியை விட்டார்கள், மாதத்தில் சில நாள் மட்டுமே எடுப்பது என்று வைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்தி, தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரப்படும் சீகாலஜி பரிசை 2015இல் பெற்றார். பாசியின் கிலோ விலை எந்த அறிக்கையிலும் கிடைக்கும். அந்தப் பெண்கள் எடுக்காமல் விட்ட நாட்களின் கூலியை எந்தப் பத்தியில் எழுதுவது? பாரைக் காப்பாற்ற அவர்கள் போட்ட முதல் அது. அதை எழுதாத மதிப்பீடு அரைகுறை.

மிகைப்படுத்தலும் ஆகாது. 2004 ஆழிப்பேரலையில் ராமநாதபுரத்தில் சேதம் நாகப்பட்டினத்தோடு ஒப்பிட மிகக் குறைவு. முழுப் பெருமையையும் பவளப் பாருக்குக் கொடுத்துப் பேசுபவர்கள் உண்டு. ஆனால் அலை வந்த திசைக்கு இலங்கை குறுக்கே கிடந்தது. பாரின் பயனை அன்றாட அலையிலும் கரையரிப்பிலும் வைத்துச் சொன்னால் கணக்கு நிற்கும்.

சொல்லைக் கையாளச் சில குறிப்புகள். பயன் பெறுவோரைப் ‘பயனாளி’ என்று எழுத வேண்டாம். அரசு உதவி பெறுபவர் என்ற பொருள் அதில் ஊறிவிட்டது, ‘பயன்பெறுவோர்’ போதும். இயற்கையைக் காப்பவருக்குப் பணம் கொடுக்கும் ஏற்பாட்டைச் ‘சேவைக் கட்டணம்’ என்று பெயர்த்தால் வங்கி ரசீது போலாகும். ‘காப்பு ஈட்டுத்தொகை’ எனலாம். அறிக்கை எழுதுகிறவர்கள் ‘பவளப்பாறை’ என்பதோடு ‘பார்’ என்பதையும், ‘கடற்பசு’ என்பதோடு ‘ஆவுளியா’ என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். ஊர்க்கூட்டத்தில் வாசிக்கும்போது, எந்தப் பாரைப் பற்றிய கணக்கு என்று கேட்பவர்கள் அப்போதுதான் எழுந்து திருத்துவார்கள்.