24 தட்டுகளுக்குப் பின்னால் ஒரு பச்சைப் பலகை

கொழும்பு வெள்ளவத்தையில் கலியாண வீடியோ ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணை ஒருவர் போன மாதம் ஓர் இரும்புப் பெட்டி வாங்கினார். ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்ட ஸ்டோரேஜ் சேர்வர். முன்பக்கம் முழுவதும் டிஸ்க் தட்டுகள், எண்ணிப் பார்த்தால் 24. ஓட்டோவுக்குள் நுழையவில்லை, வான் பிடித்துத்தான் கொண்டுவந்தார். உள்ளே மதர்போர்ட் இல்லை, சேர்வர்களை அடுக்கும் இரும்புச் சட்டமான ராக்கில் பூட்டும் தண்டவாளமும் இல்லை. அவருடைய பிரச்சினை வேறு: ஐந்தாறு வருடக் கலியாணங்கள் மேசை லாச்சிக்குள் சின்னச் சின்ன டிஸ்க்குகளாகக் கிடக்கின்றன. எந்தத் தம்பதி எதற்குள் என்று அவருக்கே தெரியாது.

"தம்பி, இதுக்கு எந்த மதர்போர்ட் போடலாம்?"

பாவித்த சேர்வர் பெட்டி வாங்குகிற எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். எனக்கு அது கடைசிக் கேள்வி. மதர்போர்டையும் விசிறியையும் கேபிளையும் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கித் தேடிக்கொள்ளலாம். அந்தப் பெட்டிக்கென்றே அளவெடுத்துச் செய்த சாமான் ஒன்றுதான்: தட்டுகளுக்குப் பின்னால் செங்குத்தாக நிற்கும் பச்சைப் பலகை. பேக்பிளேன் என்பார்கள். வேறு கொம்பனியின் பலகை இதற்குள் ஏறாது, திருகாணித் துளைகூட ஒத்துவராது. பெட்டிக்குக் கொடுக்கும் காசில் பெரும்பங்கு உண்மையில் அந்தப் பலகைக்குத்தான் போகிறது.

24 என்ற எண்ணுக்கும் ஒரு கணக்கு உண்டு. ராக்கில் உயரத்தை 'யு' என்ற அலகால் அளப்பார்கள்; ஒரு யு 44.45 மில்லிமீற்றர். இந்தப் பெட்டி 4யு, அதாவது 177.8. மூன்றரை அங்குல டிஸ்க்கின் தடிப்பு 26.1, அகலம் 101.6. படுக்கவைத்து 6 அடுக்கினால் 157 வருகிறது, மிச்சம் தட்டுகளின் தகரத்துக்கு. அப்படி 4 அடுக்குகள் பக்கம் பக்கமாக நின்றால் 406. 19 அங்குல ராக்குக்குள் இதற்குமேல் ஒரு விரல்கூட நுழையாது.

சரி, பலகைக்கு வருவோம். சேர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிஸ்க்கைப் பிடுங்கி இன்னொன்றைச் செருகலாம். இது எப்படி முடிகிறது என்று பலர் யோசிப்பதில்லை. டிஸ்க்கின் மின்சுற்றில் மின்னைச் சேமித்துவைக்கும் கொள்ளளவிகள் இருக்கின்றன. அவை வெறுமையாக இருக்கும்போது மின்னைத் தொட்டால் ஒரே மடக்கில் குடிக்கப் பார்க்கும். அந்தக் கணத்தில் 12 வோல்ட் இணைப்பில் மின்னழுத்தம் சரியும். பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கும் மற்ற 23 டிஸ்க்குகளும் தடுமாறலாம். இதைத் தடுக்கும் தந்திரம் சொக்கட்டின் ஊசிகளில் இருக்கிறது. எல்லா ஊசியும் ஒரே நீளம் கிடையாது. தட்டைத் தள்ளும்போது முதலில் தொடுவது தரையிணைப்பு. அடுத்து முன்மின்னேற்ற ஊசிகள். அவற்றின் வழியில் ஒரு தடை இருப்பதால் கொள்ளளவிகள் மெல்ல நிரம்புகின்றன. கடைசியில்தான் முழு மின்சாரமும் தரவு ஊசிகளும். தட்டின் கைப்பிடியை மடக்கி மூடும் அந்த ஒரு நொடிக்குள் இத்தனையும் நடந்துவிடுகிறது.

அப்புறம் தரவு. இங்கேதான் பலகைகள் இரண்டு சாதியாகப் பிரிகின்றன. டோர்ச் அடித்துப் பலகையின் பின்பக்கம் பாருங்கள். சாஸ் என்பது சேர்வர் டிஸ்க்குகளுக்கான இணைப்பு முறை; அதன் மினி சாஸ் எனப்படும் சொக்கட் 6 இருந்தால் அது நேரிணைப்புப் பலகை. ஒவ்வொரு சொக்கட்டும் 4 தரவுத் தடங்களைச் சுமக்கும். ஆறுநான்கு 24, டிஸ்க்குக்குத் தலா ஒரு தடம். சொக்கட் ஒன்றோ இரண்டோ மட்டும் இருந்து, நடுவில் வெப்பத்தகடு ஒட்டிய ஒரு சிப்பும் இருந்தால் அது எக்ஸ்பாண்டர் பலகை. அந்தச் சிப் பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி: டிஸ்க் ஒன்று பேசவேண்டி வந்தால் காலியாக உள்ள தடத்தில் இணைப்புக் கொடுத்து, முடிந்ததும் துண்டித்து, அடுத்ததற்குக் கொடுக்கும்.

வெள்ளவத்தை வழியாகக் காலி நகருக்குப் போகும் காலி வீதியில் நின்று பார்த்தால் இது இலகுவாக விளங்கும். கடற்கரைப் பக்கமிருந்து வரிசையாக ஒழுங்கைகள் வந்து ஏறுகின்றன, பிரதான வீதியோ சில தடங்கள்தான். பள்ளிக்கூடம் விடும் நேரம் எல்லா ஒழுங்கையும் ஒன்றாக வந்தால் நெரிசல். கணக்கும் அதேதான். விநாடிக்கு 6 கிகாபிட் ஓடும் சாஸ் தடம் ஒன்றில், குறியாக்கத்துக்குப் போனது போக 600 மெகாபைட் மிஞ்சும். 4 தடத்துக்கு 2400. அதை 24 டிஸ்க்குகள் ஒரே நேரம் கேட்டால் தலைக்கு 100. இன்றைய டிஸ்க் ஒன்று தனியாக 200க்கு மேலும் தரும் என்பதால் இது குறைவுதான். ஆனால் ஸ்டூடியோவில் இருப்பது சாதாரண கிகாபிட் வலையமைப்பு. அதன் வழியாக விநாடிக்கு 120 மெகாபைட்கூடப் போகாது. நெரிசல் இருந்தாலும் அவர் அதைக் காணப்போவதில்லை. அவரிடம் வந்தது எக்ஸ்பாண்டர் பலகை. ஒரே கேபிளில் வேலை முடிந்தது, எனக்குப் பரம சந்தோஷம்.

ஒன்று கவனம். எக்ஸ்பாண்டருடன் கதைக்க மதர்போர்டில் உள்ள சாட்டா (சாதாரண கம்பியூட்டர் டிஸ்க்குகளின் இணைப்பு முறை) சொக்கட்டால் முடியாது, அதற்கு சாஸ் அட்டை வேண்டும். சாட்டா டிஸ்க் சாஸ் சொக்கட்டில் பொருந்தும். சாஸ் டிஸ்க் சாட்டா சொக்கட்டில் பொருந்தாது. பெட்டியோடு இலவசமாக வரும் பழைய அட்டையையும் நம்பாதீர்கள். எல்எஸ்ஐ 1068இ சிப் உள்ள அட்டைகள் 2 டெராபைட்டுக்கு மேல் பார்க்காது. டிஸ்க்கின் இடத்தை 32 பிட் எண்ணால் குறித்தால் 429 கோடிச் சொச்சம் துண்டுகளைத்தான் எண்ணலாம். துண்டு ஒன்று 512 பைட், பெருக்கிப் பாருங்கள். நேரிணைப்புப் பலகைக்காரர்களுக்கு இன்னொரு பொறி: மதர்போர்டின் 4 சாட்டா சொக்கட்டை மினி சாஸுக்கு இணைக்கும் கேபிளும், மினி சாஸிலிருந்து 4 டிஸ்க்குக்குப் பிரியும் கேபிளும் பார்வைக்கு ஒன்றே. உள்ளே வயர் ஓட்டம் வேறு. நான் ஒருமுறை மாற்றி வாங்கி, பலகைதான் பழுது என்று இரண்டு நாள் அதைத் திட்டியிருக்கிறேன்.

புது டிஸ்க்கைப் போட்டதும் அசையாமல் கிடந்தால் பயப்படவேண்டாம். சாட்டா மின் இணைப்பின் 3ஆம் ஊசி முன்பு 3.3 வோல்ட்டுக்கு ஒதுக்கப்பட்டது. பிற்காலத் தரம் அதே ஊசிக்கு டிஸ்க்கை அணைக்கும் வேலையைக் கொடுத்துவிட்டது. பழைய பலகை அங்கே 3.3 வோல்ட்டைக் கொடுத்துக்கொண்டேயிருந்தால், அந்த வசதியுள்ள புது டிஸ்க் "அணைந்திரு" என்ற கட்டளையாக அதை எடுத்துக்கொள்ளும். ஊசியின்மேல் மின் கடத்தாத கப்டன் டேப் ஒரு சின்னத் துண்டு ஒட்டினால் எழும்பிவிடும். 5, 12 வோல்ட் மட்டும் தரும் மொலெக்ஸ் வயரால் இயங்கும் பலகையில் இந்தச் சோலி பெரும்பாலும் வராது.

மின்சாரத்தைப் பற்றி இங்கே சொல்லத் தேவையில்லை. 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணிநேரம்வரை இருட்டில் இருந்த ஊர். ஆனால் சேர்வருக்கு ஆபத்து கரண்ட் போகும்போது மட்டும் இல்லை, வரும்போதும் உண்டு. உள்ளே உள்ள வட்டைச் சுழலவைக்கும் முதல் சில விநாடிகளில் டிஸ்க் ஒன்று 12 வோல்ட்டில் சுமார் 2 அம்பியர் இழுக்கும். 24 பேரும் ஒன்றாக எழும்பினால் 48 அம்பியர், கிட்டத்தட்ட 576 வாட். சுழன்று முடிந்தபின் அதில் மூன்றிலொரு பங்குகூடத் தேவைப்படாது. அதனால்தான் ஒவ்வொன்றாக எழுப்பும் முறை வந்தது: சாட்டா மின் இணைப்பின் 11ஆம் ஊசியைத் தரையோடு சேர்க்காமல் விட்டால், அட்டையோ எக்ஸ்பாண்டரோ தொடர்பு எடுக்கும்வரை டிஸ்க் காத்திருக்கும். யூபிஎஸ் வாங்கும்போது ஓடும் வாட்டைப் பார்க்காமல் இந்த எழும்பும் வாட்டைப் பாருங்கள்.

பிறகு சத்தம். முதல்முறை சுவிட்சைப் போட்டதும் அண்ணை காதைப் பொத்திக்கொண்டார். "இது பிளேனல்லோ!" விசிறிகளைக் கழற்றிவிட்டு மெல்லியவை போடலாமா என்று கேட்டார். கூடாது. பேக்பிளேன் காற்றோட்டத்துக்குக் குறுக்கே நிற்கும் சுவர். அதில் வெட்டிய சின்னத் துவாரங்கள் வழியாகத்தான் காற்றை இழுக்கவேண்டும். அதற்கு அழுத்தம் வேண்டும், அதனால்தான் அந்த விசிறிகள் 38 மில்லிமீற்றர் தடிப்பு. மெல்லிய விசிறி சுழலும், காற்று வராது. அதே விசிறியின் வேகத்தைக் குறைப்பது நல்லது. வேகம் பாதியானால் காற்றும் பாதி, அழுத்தம் கால், விசிறி எடுக்கும் மின்சாரம் எட்டிலொன்று. நாங்கள் இப்போதைக்குப் போடும் எட்டு டிஸ்க்குக்கு அது போதும், ஆனால் வெற்றிடங்களில் வெறும் தட்டுகள் மூடியிருக்கவேண்டும். திறந்திருந்தால் காற்று இலகுவான வழியால் போய்விடும், டிஸ்க்குகள் வேகும். கொழும்பில் அறையே 30 பாகையில் இருக்கிறது. கடலுக்கு இவ்வளவு கிட்ட உப்புக்காற்றும் சேரும் என்பதால், பூட்டுமுன் ஊசிகளை ஐசோபுரொப்பைல் அற்ககோலால் துடைத்தேன்.

எல்லாம் முடிந்து 8 டிஸ்க்குகளை ஒரே தொகுதியாக்கி, எந்த இரண்டு செத்தாலும் தரவு தப்பும்படி அமைத்தோம். பழுதான தட்டில் சிவப்பு லைட் போடுவதும் பலகையின் வேலைதான். எங்கள் பலகையில் அந்த லைட்டுகள் சில எரியவில்லை. ஆகவே ஒவ்வொரு தட்டின் முகப்பிலும் டிஸ்க்கின் தொடரிலக்கத்தை எழுதி ஒட்டச் சொன்னேன். திரும்பி வந்து பார்த்தால் அண்ணை தம்பதிகளின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார். ஒரு கலியாணம் ஒரு டிஸ்க்கில் இருக்காது, துண்டுதுண்டாக எட்டிலும் பரவியிருக்கும் என்று விளக்கினேன். கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப தாலி கட்டுறது எதுக்குள்ள?"