அடித்த கணக்கும் வாங்கிய கணக்கும்

"மூக்கு நுனியைத் தொட்டுவிட்டு என் விரலைத் தொடுங்கள் ஐயா" என்றேன். மூன்றாவது முறை அவர் விரல் என் விரலுக்கு ஓர் அங்குலம் தள்ளிப்போய் நின்றது. அறுபத்தெட்டு வயது. இளமையில் ராயபுரம் பக்கம் ரோசமான குத்துச்சண்டை ஆடியவர். கை நடுக்கத்தைக் காட்ட மகள் அழைத்து வந்திருந்தார். அவருக்கோ நடுக்கத்தைப் பற்றிக் கவலையே இல்லை. "பழைய உலகச் சாம்பியன்களில் முகமது அலியா, ஜோ லூயிஸா, மார்சியானோவா? யார் பெரிய ஆள், நீங்கள் சொல்லுங்கள் டாக்டர்" என்றார். 1980இல் அலி சென்னைக்கு வந்து காட்சிப் போட்டி ஆடியபோது முண்டியடித்துப் போய்ப் பார்த்தவராம்.

இந்தக் கேள்வியை ஒருமுறை கணினியிடமே கேட்டிருக்கிறார்கள். 1969இல், உரிமம் பறிக்கப்பட்டு வீட்டிலிருந்த அலியையும், ஓய்வுபெற்றுப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்த ராக்கி மார்சியானோவையும் மேடையேற்றிச் சண்டைபோடுவதுபோல் படம்பிடித்தார்கள். முடிவைக் கணினி சொல்லும் என்பது ஏற்பாடு. மார்சியானோ 13ஆவது ரவுண்டில் வென்றதாக 1970 ஜனவரியில் திரையரங்குகளில் காட்டினார்கள். அதைப் பார்க்க மார்சியானோ உயிரோடு இல்லை. படப்பிடிப்பு முடிந்த சில வாரங்களில் விமான விபத்தில் இறந்துவிட்டார்.

கணினி சொன்னதை நான் நம்பவில்லை. மார்சியானோவின் எடை சுமார் 84 கிலோ. இன்று ஹெவிவெயிட் என்னும் அதிக எடைப் பிரிவே 90 கிலோவுக்கு மேல்தான் தொடங்குகிறது. பிற்காலச் சாம்பியன் லெனாக்ஸ் லூயிஸ் 110 கிலோவைத் தாண்டியவர். பழைய காலத்தில் பட்டத்துக்குப் 15 ரவுண்டு ஆடினார்கள். கொரியாவின் டுக் கூ கிம் 1982இல் ஒரு லைட்வெயிட் போட்டியின் 14ஆவது ரவுண்டில் விழுந்து, மூளையில் ரத்தம் கட்டி நான்கு நாளில் இறந்த பிறகு அது 12 ஆகக் குறைந்தது. எடையும் வேறு, ரவுண்டும் வேறு என்றான பிறகு யாரை யாரோடு நிறுத்துவது?

நரம்பியல் மருத்துவன் என்பதால் என்னிடம் வேறொரு தராசு இருக்கிறது. ரசிகர்கள் ஒரு வீரர் எத்தனை பேரை வீழ்த்தினார் என்று எண்ணுகிறார்கள். அவர் தலையில் எத்தனை அடி விழுந்தது என்று நான் எண்ணுகிறேன்.

இந்தத் தராசில் அலி ஒருவர் அல்லர், இருவர். 1964 முதல் 1967 வரை ஆடிய அலியை யாராலும் சரியாகத் தொடவே முடியவில்லை. மூன்றரை ஆண்டு இடைவெளிக்குப் பின் 1970இல் திரும்பியவருக்குக் கால்கள் பழையபடி ஓடவில்லை. அப்போதுதான் தன்னால் அடியைத் தாங்க முடியும் என்பதை அவர் கண்டுகொண்டார். என்னைக் கேட்டால், அவர் வாழ்க்கையின் மிகக் கெட்ட கண்டுபிடிப்பு அதுதான். 1974இல் கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்து எதிராளி ஃபோர்மனின் குத்துகளை வாங்கியதை உலகமே தந்திரம் என்று கொண்டாடியது. அடுத்த ஆண்டு மணிலாவின் புழுக்கத்தில் ஃப்ரேசியரோடு 14 ரவுண்டு. இவை போதாதென்று, பயிற்சி முகாமிலும் உடன் ஆடுபவர்களைத் தன்னை அடிக்கவிட்டுப் பழகினார். 1977இல் எர்னி ஷேவர்ஸுடன் மோதிய பிறகு, அவருடைய மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ, போதும், நிறுத்துங்கள் என்று எழுதினார். பதில் வராததால் விலகிவிட்டார்.

சென்னை வந்துபோன அதே 1980இன் ஜூலையில் அலியை அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையில் பரிசோதித்தார்கள். விரலால் மூக்கைத் தொடச் சொன்னபோது குறி சற்றுத் தவறியது. ஒற்றைக் காலில் குதிப்பதிலும் எதிர்பார்த்த லாவகம் இல்லை. இருந்தும் ஆடத் தடையில்லை என்று அறிக்கை போனது. அக்டோபர் 2 அன்று லாரி ஹோம்ஸ், ஒரு காலத்தில் அலியின் முகாமிலேயே பயிற்சிக்கு நின்றவர், பத்து ரவுண்டு அவரை அடித்தார். 1984இல், 42 வயதில், பார்க்கின்சன் அறிகுறிகள் உறுதியாயின. அடிகளுக்கு அதில் எவ்வளவு பங்கு என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பங்கே இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

ஜோ லூயிஸ் 11 ஆண்டு 8 மாதம் பட்டத்தை வைத்திருந்து 25 முறை காத்தவர். வரிக்கடன் அவரை மறுபடி மேடைக்கு இழுத்துவந்தது. 1951இல், 37 வயதில், மார்சியானோ அவரைக் கயிற்றுக்கு வெளியே தள்ளினார். பிற்காலத்தில் யாரோ தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்ற அச்சம் பீடித்து, 1970இல் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 21 வயதில் சாம்பியனான ஃபிளாய்ட் பேட்டர்சன் 1998இல் ஒரு வழக்குக்காக வாக்குமூலம் தந்தபோது, தான் யாரை வென்று பட்டம் பெற்றோம் என்பதைச் சொல்ல முடியாமல் திணறினார்.

என் பட்டியலில் ஹோம்ஸுக்கு மேலிடம். இடது கையை ஜாபாக, அதாவது நேர்க்குத்தாக, நீட்டியே 20 முறை பட்டம் காத்தார். சண்டையை விட்ட பிறகும் கோர்வையாகப் பேசினார். பிற்காலச் சாம்பியன் விளாதிமிர் கிளிட்ச்கோவின் ஆட்டம் அலுப்பூட்டுகிறது என்று குறைசொல்வார்கள். அலுப்பூட்டும் ஆட்டம் எனக்குப் பிடிக்கும்.

தூக்குச்சட்டியில் தயிர் கொண்டுபோனால் சட்டியில் கீறலே விழாமல் உள்ளே தயிர் உடைந்துபோகும். தலையும் அப்படித்தான். பக்கவாட்டில் விழும் ஹூக் என்னும் குத்து தலையைச் சுழற்றுகிறது. மூளை அந்தச் சுழற்சிக்கு ஈடுகொடுக்க முடியாமல் அதன் நுண்ணிழைகள் இழுபடுகின்றன. குத்துச்சண்டை வீரர்களின் தள்ளாட்டத்தை அமெரிக்க நோயியலாளர் ஹாரிசன் மார்ட்லண்ட் 1928லேயே பதிவுசெய்துவிட்டார். இந்த நோய் நினைவு தப்பி விழுந்தவர்களுக்கு மட்டும் வருவதில்லை. விழாமல் நின்று ஆண்டுக்கணக்கில் வாங்கிய சிறு அடிகளும் சேர்ந்து கொண்டுவரும். பேச்சு குழறுவது, காரணமில்லாத கோபம், மறதி எல்லாம் ஓய்வுபெற்றுப் பல ஆண்டு கழித்தும் தலைகாட்டலாம். ஸ்கேனில் உறுதிசெய்ய வழியில்லை; இறந்தபின் மூளையைப் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்புபவர்கள் தலைக்கவசத்தை நம்பி நிம்மதியாக இருக்கிறார்கள். அது புருவம் கிழியாமல் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது. பயிற்சியாளரிடம் கேட்க வேண்டியது, வாரத்தில் எத்தனை நாள் தலையில் அடிபட ஸ்பாரிங் என்னும் பயிற்சிச் சண்டை நடக்கிறது என்பதைத்தான். அடிபட்ட பிறகு தலைவலி, வாந்தி, வெளிச்சம் கண்ணைக் கூசுவது இருந்தால், அவை முழுக்கத் தீர்ந்து மருத்துவர் சம்மதிக்கும்வரை மேடையேறக் கூடாது. தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, தூக்கக் கலக்கம் தெளியாவிட்டாலோ அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள்.

இதில் பாதியைப் பெரியவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு மகளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "இவள் மகன் இப்போது ஆடுகிறான் டாக்டர். பதினாறு வயது. எவ்வளவு அடித்தாலும் அசையாமல் நிற்பான்" என்றார். முகத்தில் அவ்வளவு பெருமை. மகள் தலையைக் குனிந்துகொண்டார்.

வரும் செவ்வாய்க்கிழமை பேரனையும் அழைத்துவரச் சொல்லியிருக்கிறேன்.