காந்த உருண்டை நாணயம் அல்ல

சென்ற வாரம் மீண்டும் ஒரு குழந்தை. மூன்று வயது. இரண்டு நாளாக வாந்தி, வயிற்று வலி. அஜீரணம் என்று மருந்து கொடுத்திருக்கிறார்கள். எக்ஸ்ரேயில் பார்த்தால் முத்துமாலை போல ஏழு காந்த உருண்டைகள். மூன்றாவதற்கும் நான்காவதற்கும் நடுவே மட்டும் நூலிழை இடைவெளி. அதைப் பார்த்ததுமே அறுவை அரங்கைத் தயார் செய்யச் சொல்லிவிட்டேன். அந்த இடைவெளியில் சிக்கியிருந்தது குடல்.

"விழுங்கியது தெரியும் டாக்டர். பெரியவன் ஒருமுறை நாணயத்தை விழுங்கினான், மூன்றாம் நாள் தானாக வந்துவிட்டது. இதுவும் வந்துவிடும் என்று இருந்துவிட்டோம்" என்றார் தந்தை.

இதை இன்னும் எத்தனை முறை கேட்பது! இரண்டு நாணயங்கள் வயிற்றுக்குள் போனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் தம் வழியே போகும். காந்தங்கள் ஒன்றையொன்று தேடும். ஒன்றைக் காலையிலும் இன்னொன்றை மாலையிலும் விழுங்கினால் இரண்டும் குடலின் வெவ்வேறு மடிப்புகளில் இருக்கும். மடிப்புகளோ ஒன்றன்மேல் ஒன்று கிடப்பவை. நெருங்கியதும் காந்தங்கள் பாய்ந்து ஒட்டிக்கொள்ளும். இடையில் அகப்பட்ட குடல் சுவர்கள் நசுங்கி, ரத்த ஓட்டம் நின்று, அழுகி, ஓட்டை விழும். "வழவழப்பாகத்தானே இருக்கிறது, குத்தாதே" என்கிறார்கள். குத்தவே வேண்டாம், பிடித்துக்கொண்டிருந்தால் போதும். ஒரு காந்தமும் ஓர் இரும்புத் துண்டும் சேர்ந்தாலும் இதே கதிதான்.

பள்ளியில் பார்த்த கறுப்பு ஃபெரைட் காந்தத்தை மனதில் வைத்துக்கொண்டு இதை எடைபோடாதீர்கள். இது நியோடிமியம் என்ற உலோகம் இரண்டு, இரும்பு பதினான்கு, போரான் ஒன்று என்ற அணுக்கணக்கில் அமைந்த சேர்மம். 1980களின் முற்பகுதியில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே உருவானது. காந்தத்தன்மையில் பெரும்பங்கு இரும்பினுடையது. அது திசைமாறிப் புரண்டுவிடாமல் கட்டிப்போடுவது நியோடிமியம். ஃபெரைட்டைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு ஆற்றல். மின்கார் மோட்டாரிலும் காற்றாலையிலும் ஹெட்போனிலும் அது வரம்தான். எளிதில் துருப்பிடிக்கும் என்பதால் நிக்கல் பூசுகிறார்கள். குழந்தையின் கண்ணைப் பறிப்பது அந்தப் பளபளப்பு. (வெளியே எடுத்த உருண்டை என் இடுக்கியை விட்டு வர மறுத்தது. செவிலியர் பிய்த்தெடுக்க வேண்டியிருந்தது.)

"நியோடிமியத்தை அருமண் தனிமம் என்கிறார்களே, விஷமா?" என்றும் கேட்கிறார்கள். பெயரில்தான் அருமை, பூமியின் மேலோட்டில் ஈயத்தைவிட நியோடிமியம் அதிகம். விஷ முறிவைத் தேடி நேரத்தைக் கரைக்காதீர்கள். இங்கே ஆபத்து இழுவிசை.

விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே கிளம்புங்கள். வலி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இரைப்பையைத் தாண்டுவதற்குள் வந்தால் பெரும்பாலும் வாய்வழியே குழாய் விட்டு எண்டோஸ்கோபியிலேயே எடுத்துவிடலாம். மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் உணவோ தண்ணீரோ கொடுக்காதீர்கள். பேதி மருந்து கூடவே கூடாது. வயிற்றின் மேல் இன்னொரு காந்தத்தை வைத்து இழுத்துப் பார்த்தவர்களும் உண்டு, தயவுசெய்து வேண்டாம். எம்.ஆர்.ஐ. அறைப் பக்கமே போகக் கூடாது. இளம் மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை: அடுக்கி நிற்கும் இரண்டு உருண்டைகள் நேர்ப்படத்தில் ஒன்றாகத் தெரியும். பக்கவாட்டுப் படம் எடுக்காமல் 'ஒன்றுதான்' என்று எழுதாதீர்கள்.

குழந்தையை அதட்டாதீர்கள். பயந்த பிள்ளை எத்தனை விழுங்கியது என்று சொல்லாது. வளர்ந்த பிள்ளைகளும் விதிவிலக்கல்ல. துளை குத்திக்கொள்ளாமலே நகை போட்டதுபோல் காட்ட நாக்கின் இருபுறமும் காந்தம் ஒட்டி, சிரிக்கும்போது விழுங்கிவிடுகிறார்கள்.

இந்த உருண்டைகள் பெரும்பாலும் 216 கொண்ட தொகுப்பாக வருகின்றன. அதில் இரண்டு குறைந்தால் யார் எண்ணிப் பார்க்கிறார்கள்? அந்தத் தந்தையை எண்ணச் சொன்னேன். நேற்று அழைத்தார். வீட்டில் 207 இருக்கிறதாம். நான் எடுத்த ஏழையும் சேர்த்தால் 214. கட்டிலுக்கு அடியில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். பெரியவனை உடனே எக்ஸ்ரேக்கு அழைத்துவரச் சொல்லியிருக்கிறேன்.