அமினோ அமிலக் குறைநிரப்பி: சொல் விளக்கம்

முதுமையில் தசை வலுவைக் காக்கவும் உடற்பயிற்சியில் திறனைக் கூட்டவும் தூளாகவும் மாத்திரையாகவும் விற்கப்படும், புரதங்களின் கட்டுக்கூறுகளான அமினோ அமிலங்களைப் பொதுவாக 'சப்ளிமென்ட்' என்றே சொல்கிறோம். இதற்குரிய தமிழ்த்தொடர் அமினோ அமிலக் குறைநிரப்பி.

'அமினோ' என்பது அமோனியாவின் வழிவந்த சொல். எகிப்தியக் கடவுள் அமோனின் கோயிலருகே கிடைத்ததாகச் சொல்லப்படும் உப்பே அமோனியாவுக்குப் பெயர் தந்தது. அவ்வுப்பைத் தமிழில் நவச்சாரம் என்பர். பாடநூல்களிலேயே வேரூன்றிவிட்ட 'அமினோ'வை இனி மாற்ற முனைவது வீண்வேலை. 'அமிலம்' புளிப்பைக் குறிக்கும் வடசொல்லின் வழி வந்தது. ஆனால், 1820-இல் பிரெஞ்சு வேதியியலாளர் பிராக்கொனோ ஜெலட்டினைக் கந்தக அமிலத்தில் கொதிக்கவைத்துப் பிரித்தெடுத்த கிளைசின் என்னும் அமினோ அமிலமோ நாவில் இனித்தது. இனிப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே அதற்குப் பின்னர்ப் பெயராயிற்று. அதே ஆண்டில் தசையிலிருந்து அவர் பெற்ற வெண்படிகத்துக்கு, வெண்மையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் லியூசின் என்று பெயரிட்டார்.

'சப்ளிமென்ட்' என்பதன் வேரான லத்தீன் வினைக்குக் குறைந்ததை நிறைத்தல் என்பது பொருள். 'இணை உணவு' என்றால் குழந்தைக்குத் தாய்ப்பாலோடு தரும் உணவு நினைவுக்கு வரும். 'ஊக்கி' என்றால் போட்டிகளில் தடைசெய்யப்பட்ட ஊக்கமருந்தோடு குழம்பும். குறைநிரப்பி என்பதோ மூலச்சொல்லின் பொருளை அப்படியே தருவதோடு, குறை எங்கே என்ற கேள்வியையும் உடன் எழுப்புகிறது. விற்பவர்கள் இச்சொல்லை விரும்பமாட்டார்கள்.

புரதங்களைக் கட்டும் 20 அமினோ அமிலங்களுள், வளர்ந்தோர் உடலால் ஆக்கிக்கொள்ள இயலாத 9 இன்றியமையாதவை எனப்படும். அவற்றுள் லியூசின், தசைச் செல்லில் புரத ஆக்கத்தைத் தொடங்கும் குறிப்பை எழுப்புகிறது. வயது ஏற ஏற அதே அளவுக்குத் தசை மந்தமாகவே எதிர்வினை காட்டுவதால், முதியோருக்கு ஒரு வேளை உணவிலேயே கூடுதல் புரதம் தேவைப்படுகிறது. ஆயினும் லியூசின், ஐசோலியூசின், வாலின் என்னும் கிளைச்சங்கிலி அமினோ அமிலங்களை மட்டும் உட்கொண்டால், எஞ்சிய ஆறையும் உடல் தன் புரதங்களைச் சிதைத்தே பெற வேண்டியிருக்கும். குறைவாக உண்ணும் முதியவரிடமும் நெடுநாள் படுக்கையில் கிடந்து எழுந்தவரிடமும் நிரப்பத்தக்க குறை உண்டு. போதிய புரதம் உண்பவரிடம் அது அரிது. எடை தூக்குதல் போன்ற பயிற்சி இல்லாவிடில் பயன் மேலும் சுருங்கும். சிறுநீரக நோயுள்ளோர் மருத்துவரைக் கேளாமல் இவற்றைத் தொடலாகாது.

முதுமையில் தசை குன்றுவதைச் சுட்டும் 'சார்கோபீனியா' என்ற சொல்லை 1989-இல் அமெரிக்க ஊட்டச்சத்து ஆய்வாளர் இர்வின் ரோசன்பெர்க் ஆக்கினார். கிரேக்கத்தில் 'சார்க்ஸ்' சதை, 'பெனியா' வறுமை. 'தசைக்குறை' என்பது இதற்கு நெருக்கமாகப் பொருந்தும். தசைச்சிதைவு வேறு நோயைக் குறிப்பதால் இங்கு ஆகாது.

இவற்றோடு சேர்த்து விற்கப்படும் கிரியேட்டின், இறைச்சியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் பெயர்பெற்றது. கிளைசின், ஆர்ஜினின், மெத்தியோனின் ஆகியவற்றிலிருந்து உடலே ஆக்கிக்கொள்ளும் இது புரதம் கட்டும் 20-இல் சேராது என்பதால், 'கிரியேட்டின் குறைநிரப்பி' எனத் தனியே வழங்குவதே முறை.