போர்டு ரூமை அலுவலகத்துக்குள் கொண்டுவராதீர்கள்

கோவைப் பகுதியில் உள்ள சிறு, நடுத்தரத் தொழிற்கூடங்களுக்கு அடக்கவிலைக் கணக்கு பார்த்துக் கொடுப்பது என் தொழில். மாதக் கடைசியில் நடக்கும் ரிவ்யூ மீட்டிங்குகளில் கணக்கோடு நானும் உட்கார வேண்டியிருக்கும். அந்தக் கூட்டங்களில் சில ஆண்டுகளாக ஒரு புதிய பழக்கம் தலைகாட்டுகிறது. நஷ்டம் தெரிந்ததும் முதலாளி மேசையின் ஒரு முனையில் அமர்ந்துகொண்டு, எதிரில் இரண்டு மூன்று பேரை வரிசையாக இருத்தி, "உங்களில் யார் பொறுப்பு, நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்கிறார். இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்பதை அவர்களே மறைப்பதில்லை. ‘தி அப்ரெண்டிஸ்’ என்ற தொலைக்காட்சிப் போட்டியின் துண்டுக் காட்சிகளைக் கைப்பேசியில் பார்த்து, அதுதான் கண்டிப்பான நிர்வாகம் என்று நம்பிவிட்டார்கள். அந்த நிகழ்ச்சியில் வணிகம் கற்க வேண்டியவர்களுக்கு நல்ல சரக்கு நிறையவே இருக்கிறது. ஆனால் அதன் போர்டு ரூமை, அதாவது தோற்றவர்களை விசாரித்து ஒருவரை நீக்கும் அறையை மட்டும் பெயர்த்தெடுத்து நம் அலுவலகத்தில் வைத்தால் என்ன நேரும் என்பதை எழுதியாக வேண்டும் என்று தோன்றியது.

முதலில் விதிகளைப் பார்ப்போம். மார்க் பர்னெட் உருவாக்கிய இந்தப் போட்டி 2004 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கியது. டொனால்ட் டிரம்ப் தலைமையில் 16 பேர் இரண்டு அணிகளாகப் பிரிந்து, வாரம் ஒரு வணிகப் பணியை முடிக்க வேண்டும். ஒவ்வோர் அணிக்கும் அந்த வாரத்துக்கு ஒரு புராஜெக்ட் மேனேஜர் உண்டு. தோற்ற அணியின் மேனேஜர் தன்னோடு வேறு இருவரைத் தேர்ந்தெடுத்துப் போர்டு ரூமுக்கு அழைத்து வருவார். மூவரில் ஒருவர் வீட்டுக்குப் போவார். 2005 பிப்ரவரியில் பி.பி.சி. இதே வடிவத்தைத் தொழிலதிபர் ஆலன் சுகர் தலைமையில் பிரிட்டனில் தொடங்கியது. இந்த விதிகளுக்குள் ஒரு முரண் இருப்பதை முதல் வாரத்திலேயே காணலாம். வெற்றியைப் பெரும்பாலும் அணியின் லாபம் தீர்மானிக்கிறது. தண்டனையோ தனி ஆள்மீது விழுகிறது. ஆகவே ஒவ்வொரு போட்டியாளரும் ஒரே நேரத்தில் இரண்டு கணக்குகளை எழுதிக்கொண்டிருக்கிறார்: அணிக்கு எவ்வளவு பணம் வருகிறது என்பது ஒன்று, தோற்றால் தன்மேல் பழி வராமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பது மற்றொன்று. இரண்டும் மோதும் இடத்தில் இரண்டாவது கணக்குதான் பெரும்பாலும் ஜெயிக்கிறது.

அமெரிக்க முதல் பருவத்தின் முதல் பணி நியூயார்க் தெருக்களில் எலுமிச்சைச் சாறு விற்பது. தலா 250 டாலர் முதலீடு. ஆண்கள் ஓர் அணி, பெண்கள் ஓர் அணி. ஆண்கள் அணி ஃபுல்டன் மீன் சந்தைப் பக்கம் கடை விரித்தது. மீன் வாடைக்கு நடுவே, வேலையில் மும்முரமாக இருப்பவர்களிடம் எலுமிச்சைச் சாறு எவ்வளவு விற்கும்? பெண்கள் அணி மிட்டவுன் பகுதியின் அலுவலகக் கூட்டத்தைப் பிடித்து, கூடுதல் விலைக்கு விற்று, எளிதாக வென்றது. (கோப்பையோடு கன்னத்தில் முத்தமும் கொடுத்து விற்றார்கள். அதை நான் வணிக உத்தியாக ஏற்பதில்லை. அது இல்லாமலேயே இடத்தேர்வு அவர்களுக்குப் பெரும் அனுகூலமாக இருந்திருக்கும்.) இதில் கவனிக்க வேண்டியது அதன் பிறகு நடந்ததுதான். ஆண்கள் அணி தோற்றதற்கு முதற்காரணம் இடம். ஆனால் அன்று வெளியேற்றப்பட்டவர் டேவிட் கூல்ட். மருத்துவமும் மேலாண்மையும் படித்த அவர் தெருவில் கூவி விற்பதில் தடுமாறினார். இடத்தைப் பற்றிய முடிவு எப்படி எடுக்கப்பட்டது, யாராவது மறுத்துப் பேசினார்களா என்ற கேள்விகள் அவரோடு சேர்ந்து லிஃப்டில் இறங்கிப் போய்விட்டன. அடுத்த மூன்று பணிகளிலும் ஆண்கள் அணியே தோற்றது. கடைசியில் அணிகளைக் கலைத்துப் புதிதாகப் பிரிக்க வேண்டியதாயிற்று. வாரம் ஓர் ஆளை நீக்கியும் அந்த அணியின் குணம் மாறவில்லை.

பிரிட்டன் நிகழ்ச்சியின் 2009ஆம் ஆண்டுப் பருவத்தில் வந்த ஒரு பணியை நான் பயிற்சி வகுப்புகளில் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்கிறேன். குளியலுக்கான சோப்பு வகைகளைத் தாங்களே தயாரித்து விற்க வேண்டும். பாலா ஜோன்ஸ் என்பவர் ஓர் அணியின் மேனேஜர். அடக்கவிலையைப் பார்க்கும் பொறுப்பு யாஸ்மினா சியாடட்டன், பென் கிளார்க் ஆகிய இருவரிடமும் இருந்தது. நறுமணத்துக்குத் தேவதாரு வகை மரத்தின் எண்ணெய்யைச் சேர்ப்பதாக எண்ணிக் கணக்குப் போட்டுவிட்டு, கலக்கும்போது சந்தன எண்ணெய்யைச் சேர்த்துவிட்டார்கள். இரண்டுக்கும் விலையில் எவ்வளவு தூரம் என்பதை நம் ஊர் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. சந்தனக் கட்டையைக் கிராம் கணக்கில் நிறுத்து வாங்கிப் பழகியவர்கள் நாம். தவறு தெரியவந்தபோது காலம் கடந்திருந்தது. விற்பனையில் அந்தச் செலவை ஈடுகட்ட முடியாமல் அணி தோற்றது. போர்டு ரூமில் மூவரும் உட்கார்ந்தார்கள். நீக்கப்பட்டவர் மேனேஜர் பாலா. அடக்கவிலையைப் பார்த்த யாஸ்மினா போட்டியில் நீடித்து, அந்தப் பருவத்தையே வென்றார்.

யாஸ்மினா வென்றது அநியாயம் என்று நான் சொல்லவில்லை. ஒரு கணக்குப் பிழையை வைத்து ஒருவரின் மொத்தத் திறமையையும் அளக்கக் கூடாது என்பதற்கு அவரே நல்ல சான்று. மேனேஜர்தான் இறுதிப் பொறுப்பு என்பதும் நியாயமான கொள்கைதான். என் கவலை வேறு. அடக்கவிலைக் கணக்கர் ஒருவர் அந்த அறையில் இருந்திருந்தால் கேட்டிருக்கக்கூடிய ஒரு கேள்வியைக்கூட அங்கே யாரும் கேட்கவில்லை. புட்டியை அலமாரியிலிருந்து எடுத்தவர் எதைப் பார்த்து எடுத்தார்? விலையைத் தாளில் எழுதியவரும் பொருளைக் கலந்தவரும் ஒரே பெயரைத்தான் மனத்தில் வைத்திருந்தார்களா? முதல் தொகுதி கலந்ததும் உண்மையில் செலவான பொருளின் விலையைக் கூட்டிப் பார்க்க யாருக்காவது வேலை கொடுக்கப்பட்டிருந்ததா? இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைத்தால் அடுத்த முறை அந்தப் பிழை வராது. பாலாவை அனுப்பிவிட்டால் அடுத்த வாரம் அதே அலமாரியிலிருந்து வேறொருவர் வேறொரு புட்டியை எடுப்பார்.

தொலைக்காட்சிக்கு இது குறையாகாது. பல நாள் உழைப்பையும் பல மணி நேர வாக்குவாதத்தையும் ஒரு மணி நேரத்துக்குள் சுருக்கிக் காட்ட வேண்டிய நிகழ்ச்சிக்கு, நடைமுறையைத் திருத்துவதைவிட ஓர் ஆள் பெட்டியோடு வெளியேறுவதுதான் தேவை. அந்தப் போர்டு ரூமும் படப்பிடிப்புக்காகக் கட்டப்பட்ட அரங்கம்தான். அடுத்த வாரமும் அதே மூலப்பொருளை வாங்கி, அதே வாடிக்கையாளருக்கு, அதே ஆட்களை வைத்துச் சரக்கு அனுப்ப வேண்டிய கட்டாயம் அங்கே யாருக்கும் இல்லை. நமக்கு இருக்கிறது.

பம்பு உதிரிபாகங்கள் செய்யும் ஓர் இடத்தில் இதை நேரில் பார்த்தேன். ஓர் உதிரிபாகத்துக்குக் கொட்டேஷன் போட்டபோது பித்தளை விலையை வைத்துக் கணக்கிட்டுவிட்டார்கள். வாடிக்கையாளரின் வரைபடத்திலோ கன்மெட்டல் என்ற செம்புக் கலவை உலோகம் குறிக்கப்பட்டிருந்தது. கன்மெட்டலில் வெள்ளீயம் சேர்வதால் அது பித்தளையைவிட விலை கூடியது. வாங்கும் பிரிவு வரைபடத்தைப் பார்த்துச் சரியாகக் கன்மெட்டல் வார்ப்பையே வாங்கியது. விற்பனைப் பிரிவு பித்தளை விலைக்கு ஒப்புக்கொண்டிருந்தது. ஒவ்வொரு உருப்படியிலும் நஷ்டம். கூட்டத்தில் விற்பனை மேலாளரும் பர்ச்சேஸ் மேலாளரும் எதிரெதிரே அமர்ந்து, தங்கள் கைப்பேசிகளில் சேமித்து வைத்திருந்த வாட்ஸ்அப் செய்திகளையும் மின்னஞ்சல் அச்சுப்படிகளையும் ஆதாரமாக எடுத்துப்போட்டார்கள். அந்த ஆதாரங்களைத் திரட்ட அவர்கள் செலவிட்ட நேரத்தில் ஒரு பகுதியை வரைபடத்தையும் கொட்டேஷனையும் ஒப்பிட்டுப் பார்க்கச் செலவிட்டிருக்கலாம்.

கூட்டம் முடிந்து லேத் பிரிவுக்குப் போனேன். இயந்திரத்தின் அடியில் குவிந்திருந்த உலோகச் சீவல் பித்தளையின் மஞ்சளாக இல்லாமல் செம்பு கலந்த நிறத்தில் கிடந்தது. பித்தளைக்கான ஜாப் கார்டு (வேலை விவரம் எழுதிய அட்டை) அதே இயந்திரத்தின் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அங்கே வேலை செய்பவரிடம் அதைக் காட்டிக் கேட்டபோது, "சீவலப் பாத்தாலே தெரியுங்க சார். போய்ச் சொன்னா, ‘அப்ப ஏன் முன்னாடியே சொல்லல’ன்னு நம்மளத்தானுங்க நிக்க வெப்பாங்க" என்றார். முதல் நாளே அவருக்குத் தெரிந்திருக்கிறது. தவறைச் சொல்பவனும் தவறு செய்தவனும் ஒரே வரிசையில் நிறுத்தப்படுவார்கள் என்பதை அதற்கு முந்தைய கூட்டங்கள் அவருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் நன்றாகக் கற்றுக்கொடுத்திருந்தன. ஒரு தொழிற்கூடத்தில் விலையைப் பற்றிய மிகத் துல்லியமான செய்தி பெரும்பாலும் ஸ்டோர்ஸிலும் இயந்திரத்தின் பக்கத்திலும்தான் இருக்கும். அந்தச் செய்தி மேலே வரும் வழியை அடைத்துவிட்டு எவ்வளவு கண்டிப்பாக மீட்டிங் நடத்தினாலும் பயனில்லை.

பொறுப்பேற்க முன்வருபவர்களையும் இந்த முறை கெடுக்கிறது. 2004 செப்டம்பரில் வந்த அமெரிக்க இரண்டாம் பருவத்தில், வென்ற அணியின் மேனேஜருக்கு அடுத்த வாரம் நீக்கத்திலிருந்து விலக்கு உண்டு என்று புதிய விதி சேர்க்கப்பட்டது. பிராட்ஃபோர்ட் கோஹன் என்ற வழக்கறிஞர் முதல் வாரம் மேனேஜராக இருந்து வென்றார். இரண்டாம் வாரம் அணி தோற்றபோது, தன் உழைப்பின்மேல் இருந்த நம்பிக்கையில் அந்த விலக்கைத் தானே முன்வந்து விட்டுக்கொடுத்தார். டிரம்ப் அவரையே நீக்கினார். யோசிக்காமல் எடுத்த முடிவு என்பது காரணம். தனிப்பட்ட முடிவு என்ற அளவில் அது விவேகமில்லாததுதான். தேவையில்லாமல் கவசத்தைக் கழற்றியிருக்க வேண்டியதில்லை. ஆனால் அதைப் பார்த்துக்கொண்டிருந்த மற்ற போட்டியாளர்கள் என்ன கற்றிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். சக ஊழியர்களோடு சேர்ந்து நிற்பதற்கு இங்கே விலை அதிகம் என்ற பாடம் ஒரே இரவில் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்திருக்கும்.

முதல் பருவத்தின் இறுதிப் போட்டியில் இன்னொரு பாடம் இருக்கிறது. நம் தொழிற்கூடங்களுக்கு அதுதான் மிகவும் பொருந்தும் என்பது என் கருத்து. இறுதிக்கு வந்த பில் ரான்சிக், குவாமி ஜாக்சன் இருவரும் முன்பு நீக்கப்பட்டவர்களிலிருந்து தங்களுக்கு உதவியாளர்களைத் தேர்ந்தெடுத்து, ஆளுக்கொரு நிகழ்ச்சியை நடத்திக் கொடுக்க வேண்டும். ரான்சிக்குக் கோல்ஃப் போட்டி. ஜாக்சனுக்கு அட்லாண்டிக் சிட்டியில் பாடகி ஜெசிகா சிம்சனின் இசை நிகழ்ச்சி. ஜாக்சன் ஹார்வர்டில் மேலாண்மை படித்தவர், கோல்ட்மேன் சாக்ஸில் வேலை பார்த்தவர், நிதானமானவர். அவர் அணியில் இருந்த ஒமரோசா பாடகியின் வருகையைக் கவனிக்கும் பொறுப்பில் சொதப்பியதோடு, ஒரு தொலைபேசி அழைப்பு விஷயத்தில் ஜாக்சனிடம் உண்மையையும் சொல்லவில்லை. 2004 ஏப்ரல் 15 அன்று நடந்த இறுதி நிகழ்ச்சியில், ஒமரோசாவை ஏன் நீக்கவில்லை என்று கேட்கப்பட்டபோது, அப்படி நீக்கும் அதிகாரம் தனக்கு இருப்பதே தெரியாது என்றார் ஜாக்சன். ரான்சிக் வென்றார்.

எத்தனை மேற்பார்வையாளர்கள் இதே நிலையில் இருக்கிறார்கள் என்பது உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும். வார்ப்பில் ஓட்டை இருந்தால் லோடைத் திருப்பி அனுப்பும் உரிமை தனக்கு உண்டா, ஸ்டோர்ஸில் இருப்பில்லாத ஓர் உதிரியை முதலாளியைக் கேட்காமல் வெளியில் வாங்கலாமா, எந்தத் தொகை வரைக்கும் வாங்கலாம் என்பது எதுவும் எழுத்தில் இருக்காது. முடிவெடுத்தால் "யாரைக் கேட்டுச் செய்தாய்" என்பார்கள். எடுக்காவிட்டால் "இதைக்கூடச் செய்யத் தெரியாதா" என்பார்கள். பாதி ரிவ்யூ மீட்டிங்குகள் இந்த ஒரே குழப்பத்தில்தான் கழிகின்றன.

ஆலன் சுகர் 2011இல் பரிசை மாற்றினார். அதுவரை வெற்றியாளருக்கு ஆண்டுக்கு 1,00,000 பவுண்ட் சம்பளத்தில் வேலை. அந்த ஆண்டு முதல் 2,50,000 பவுண்ட் முதலீடும் சரிபாதிப் பங்கு கூட்டும். அந்தப் பருவத்தில் வென்ற டாம் பெல்லரோ, வென்ற பணிகளைவிடத் தோற்ற பணிகளே அதிகம் கொண்டவர். வளைந்த நகஅரம் ஒன்றை உருவாக்கிய பொறியாளர் அவர். சம்பளத்துக்கு ஆள் எடுக்கும்போது வாராவாரம் யார் பிழைத்தார் என்று பார்த்த அதே நிகழ்ச்சி, சொந்தப் பணத்தைப் போட வேண்டி வந்ததும் யாரிடம் விற்கத்தக்க பொருள் இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கியது. கூட்டங்களில் பழி சுமத்த ஆள் தேடும் முதலாளிகளிடம் நான் இந்த இரண்டு பரிசுகளையும் எடுத்துச் சொல்வதுண்டு.

அந்தப் பம்பு உதிரிபாகக் கூடத்தில் இப்போது கொட்டேஷன் போகும் முன் வரைபடத்தின் உலோகக் குறியீட்டைப் பர்ச்சேஸ் பிரிவு தனியாக எழுதிக் கையொப்பமிடுகிறது. விற்பனைப் பிரிவு எழுதியதைப் பார்க்காமல் எழுத வேண்டும் என்பது நிபந்தனை. இரண்டும் ஒத்துப்போனால்தான் விலை வெளியே போகும். முதல் தொகுதி முடிந்ததும் லேத்தில் இருப்பவரே ஜாப் கார்டில் உலோகத்தின் பெயரை நிரப்புகிறார். அது பொருந்தாவிட்டால் வேலையை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு உண்டு என்று அந்தக் கார்டிலேயே அச்சிட்டிருக்கிறோம். நிறுத்தியவரைக் கூட்டத்துக்கு அழைப்பதில்லை. கார்டு மட்டும் வருகிறது.